மர்ம ட்ரோன்கள்: ஏவியது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. இரவு எட்டரை மணி வாக்கில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் விமான நிலையம் திடீரென்று மூடப்பட்டது. இரண்டு மூன்று பெரிய ட்ரோன்கள் அங்கே சுற்றுவதாகத் தகவல். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஒரு விமானம்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. அதே இரவில் நார்வேயின் ஓஸ்லோ விமான நிலையமும் சில மணி நேரம் முடங்கியது. மறுநாள் டென்மார்க் பிரதமர் மெட்டே பிரெடெரிக்சன், நாட்டின் முக்கியக் கட்டமைப்பின்மீது இதுவரை நடந்ததிலேயே மிகக் கடுமையான தாக்குதல் இதுதான் என்றார். ரஷ்யாவாக இருக்குமோ என்ற கேள்விக்கு, இல்லையென்று சொல்லிவிட முடியாது என்றார். ரஷ்யா மறுத்தது.

"இல்லையென்று சொல்லிவிட முடியாது" என்பது வேறு, "அவர்கள்தான்" என்பது வேறு. ஆனால் செய்தி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்குள் முதலாவது இரண்டாவதாக மாறிவிடுகிறது. பிரதமர் சொன்னது ஒரு சந்தேகம். மக்கள் கேட்டது ஒரு தீர்ப்பு.

சந்தேகப்படுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. உக்ரைனுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்துவரும் நாடு டென்மார்க். அங்கே இப்படி நடந்தால் கண் ரஷ்யாவின் பக்கம் திரும்புவது இயல்பு. ஆனால் "யார் செய்தது?" என்பது பார்ப்பதற்குத்தான் ஒரே கேள்வி. மாடிப்படிபோல அதற்குள் பல கேள்விகள் இருக்கின்றன. அங்கே ஏதாவது பறந்ததா? பறந்தது ட்ரோன்தானா? எங்கிருந்து கிளம்பியது? யார் கையில் ரிமோட் இருந்தது? அந்தக் கையை ஏவியவர் என்று வேறு யாராவது உண்டா? கீழ்ப்படியில் கால் ஊன்றாமல் மேல்படிக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதற்கு கேட்விக் சம்பவத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேட்விக், 2018

லண்டனுக்குத் தெற்கே இருக்கிறது கேட்விக் விமான நிலையம். 2018 டிசம்பர் 19 இரவு ஒன்பது மணியளவில், வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருந்த பாதுகாப்பு ஊழியர் ஒருவர் இரண்டு ட்ரோன்களைப் பார்த்ததாகத் தகவல் கொடுத்தார். உடனே ஓடுபாதையை மூடினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊர் போகும் கூட்டம் நிரம்பி வழிந்த நேரம் அது. திறக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொருவர் தானும் பார்த்ததாகச் சொல்வார், மறுபடியும் மூடுவார்கள். இப்படியே சுமார் 33 மணி நேரம் ஓடிற்று. ஏறத்தாழ 1,000 விமானச் சேவைகளும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். கடைசியில் ராணுவத்தையே கூப்பிட வேண்டியதாயிற்று.

இவ்வளவு பெரிய குழப்பத்துக்கு ஒருவர் பொறுப்பாக வேண்டும் என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. 21ஆம் தேதி இரவு, பக்கத்து ஊரான கிராலியில் ஒரு தம்பதியைப் போலீஸ் கைது செய்தது. கணவருக்கு மாதிரி விமானங்கள் பறக்கவிடுவதில் ஆர்வம் உண்டு. வீடு விமான நிலையத்துக்கு அருகில். ஆர்வமும் பொருந்துகிறது, இடமும் பொருந்துகிறது. ஆயுதம் ஏந்திய போலீஸார் வீட்டுக்குள் நுழைந்தனர். கணவன் மனைவி இருவரும் 36 மணி நேரம் காவலில் இருந்தார்கள். ட்ரோன் பறந்ததாகச் சொன்ன நேரத்தில் அவர் வேலையில் இருந்தார் என்று அவருடைய முதலாளி பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இருவரையும் குற்றச்சாட்டு ஏதுமின்றி விட்டுவிட்டார்கள். ஆனால் அதற்குள் பெயரும் படமும் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன. 2020இல் சசெக்ஸ் காவல்துறை இழப்பீடும் வழக்குச் செலவுமாக 2,00,000 பவுண்டு கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டது. போன நிம்மதிக்கு அது ஈடாகுமா என்பதை அந்தத் தம்பதிதான் சொல்ல வேண்டும்.

தம்பதியை விடுவித்த பிறகு விசாரணை அதிகாரி ஒருவர், உண்மையில் ட்ரோன் எதுவுமே பறக்காமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்று பேட்டியில் சொல்லிவிட்டார். மேலிடம் பதறி, அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பேச்சு என்று விளக்கியது. 2019 செப்டம்பரில் விசாரணையை முடித்தபோது போலீஸ் சொன்ன கணக்கு: 129 முறை ட்ரோனைக் கண்டதாகத் தகவல்; அதில் 109 நம்பத்தகுந்த சாட்சிகளிடமிருந்து வந்தவை. ஆகவே ட்ரோன் பறந்தது உண்மை என்பதே காவல்துறையின் நிலைப்பாடு. ஆனால் இன்றுவரை ஐயத்துக்கு இடமில்லாத ஒரு புகைப்படமோ காணொளியோ பொதுவெளிக்கு வரவில்லை. விமான நிலையத்தில் கையில் கைபேசியோடு ஆயிரக்கணக்கானவர்கள் காத்துக் கிடந்த 33 மணி நேரம் அது. தேடுவதற்காகப் போலீஸ் பறக்கவிட்ட ட்ரோன்களையே சிலர் பார்த்துத் தகவல் சொல்லியிருக்கலாம் என்று அந்தக் காவல்துறையின் தலைவரே ஒப்புக்கொண்டார்.

109 நம்பகமான சாட்சிகள் என்றால் அது பெரிய எண்ணிக்கை. விமானிகள், போலீஸார், விமான நிலைய ஊழியர்கள் எல்லாம் அதில் அடக்கம். யாரும் பொய் சொல்லவில்லை என்றே நானும் நம்புகிறேன். ஆனால் சாட்சிகளின் எண்ணிக்கைக்கு மதிப்பு வருவது அவர்கள் தனித்தனியாகப் பார்த்திருந்தால்தான். "இங்கே ட்ரோன் சுற்றுகிறது, கவனமாகப் பாருங்கள்" என்று கேட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கு, தூரத்து கிரேன் விளக்கும் ட்ரோனாகத் தெரியக்கூடும். முதல் தகவல் தவறாக இருந்தால் அடுத்த நூறும் அதன் பின்னாலேயே போக வாய்ப்பு இருக்கிறது. சரியாக இருந்தால்? அப்போதும் அந்த நூறில் எத்தனை நிஜம் என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. கேட்விக்கில் முதல் படியிலேயே இன்னும் வாதம் நடக்கிறது. நான்காம் படியில் இருவரைக் கைது செய்து முடித்திருந்தார்கள்.

இரவில் கண் செய்யும் வேலை

பொருளின் தூரமும் அளவும் நமக்கு நேராகத் தெரிவதாக நினைத்துக்கொள்கிறோம். பகலில் பக்கத்தில் மரம், கட்டடம், கம்பம் இருக்கும். அதை வைத்து மூளை கணக்குப் போடும். இருட்டில் ஒற்றை விளக்கு மட்டும் தெரியும்போது அந்தக் கணக்குக்கு வழியே கிடையாது. இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை அளக்கும் திறமை சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் அவ்வளவாக உதவாது. 100 மீட்டரில் இருக்கும் சிறிய எல்இடி விளக்கும், பல கிலோமீட்டருக்கு அப்பால் வரும் விமானத்தின் தரையிறங்கு விளக்கும் கண்ணுக்கு ஒரே மாதிரி வெண்புள்ளிதான். அதனால் "பெரிய ட்ரோன், கார் அளவு இருக்கும்" என்று இரவில் ஒருவர் சொன்னால், அவர் அளவை உண்மையில் பார்க்கவில்லை. தூரத்தை மனதில் ஊகித்து, அதிலிருந்து அளவை ஊகிக்கிறார்.

விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. இறங்க வரும் விமானம் உங்களை நோக்கி நேராக வரும் திசையில், இரவில் மொட்டை மாடியில் நில்லுங்கள். 30 கிலோமீட்டர் தூரத்திலேயே அதன் முன்விளக்கு தெரியத் தொடங்கும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும் அங்கிருந்து உங்கள் தலைக்கு மேலே வர ஏழு நிமிடம் ஆகும். அதில் முதல் நான்கைந்து நிமிடங்களுக்கு அந்த வெளிச்சம் அசையாது. சத்தமும் கேட்காது. அந்தரத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். நடுவில் விமானி திரும்பினால் விளக்கு வேறு பக்கம் போய், "சட்டென்று அணைந்துவிட்டது" என்று தோன்றும். ஒரே பாதையில் மூன்று விமானங்கள் வரிசையாக வந்தால் "மூன்று ட்ரோன் அணிவகுத்து நின்றது" என்று சத்தியம் செய்யலாம். போதாக்குறைக்கு, இருட்டில் அசையாத ஒரு புள்ளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அது ஊர்வதுபோலத் தெரியும். கண்ணின் சுபாவம் அது.

2024 இறுதியில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இதெல்லாம் மொத்தமாக நடந்தது. நவம்பர் 18 வாக்கில் பிகட்டினி ராணுவ ஆயுத மையம் இருக்கும் மோரிஸ் கவுண்டியில் ட்ரோன்கள் தெரிவதாகப் பேச்சு தொடங்கியது. செய்தி பரவப் பரவ, வானத்தைப் பார்ப்பவர்களும் பெருகினார்கள், பார்த்ததாகச் சொல்பவர்களும் பெருகினார்கள். எஃப்பிஐக்கு 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்தன. அதில் மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவையாகத் தேறியவை 100க்கும் குறைவு. ஈரானின் தாய்க்கப்பல் ஒன்று கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் நிற்கிறது, அங்கிருந்துதான் ட்ரோன்கள் வருகின்றன என்று நியூஜெர்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜெஃப் வான் ட்ரூ தொலைக்காட்சியில் சொன்னார். அப்படிக் கப்பலே இல்லை என்று பென்டகன் மறுத்தது. மேரிலாந்து முன்னாள் ஆளுநர் லேரி ஹோகன் தன் வீட்டுக்கு மேலே பறந்த ட்ரோன்கள் என்று ஒரு காணொளி வெளியிட்டார். அதில் இருந்தது ஓரையன் விண்மீன் கூட்டம். நம்மூரில் மார்கழி இரவில் மிருகசீரிடமும் திருவாதிரையும் மின்னும் அதே கூட்டம்.

டிசம்பர் 16ஆம் தேதி நான்கு மத்திய அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை தந்தன. மக்கள் பார்த்தவை சட்டப்படி பறக்கும் வணிக ட்ரோன்கள், பொழுதுபோக்கு ட்ரோன்கள், போலீஸ் ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள், விண்மீன்கள் என எல்லாம் கலந்தவை என்றது அறிக்கை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "யார்?" என்பதற்கு ஒரே விடை இருக்கும் என்று எல்லோரும் தேடினார்கள். ஆனால் 5,000 தகவல்களுக்குப் பின்னால் ஒரே ஆள் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தனித்தனிச் சம்பவங்களை ஒரே அலையாகப் பார்த்தவுடன், அந்த அலைக்கு ஒரு தலைவனும் தேவைப்பட்டுவிடுகிறான்.

அப்படியானால் எல்லாம் பிரமையா?

இல்லை. இந்த முடிவுக்குப் போவதும் அதே அளவு அவசரம்தான். விண்மீனைப் பார்த்து ஏமாந்தவர்களைக் கிண்டல் செய்துவிட்டு விஷயத்தை மூடிவிடுபவர்களிடம் எனக்கு உடன்பாடு கிடையாது. ஏனென்றால் நிஜமான ட்ரோன்கள் நிஜமாகவே வந்திருக்கின்றன. அவை நிஜம் என்று எப்படித் தெரிந்தது என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

2025 செப்டம்பர் 9–10 இரவில் சுமார் 20 ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் நுழைந்தன. யார் என்ற வாதம் அங்கே நீளவில்லை. ரேடாரில் பாதை பதிவாகியிருந்தது. போலந்தின் எஃப்-16களும் நெதர்லாந்தின் எஃப்-35 போர் விமானங்களும் எழும்பிச் சிலவற்றைச் சுட்டன. காலையில் வயல்களில் உடைந்த பாகங்கள் கிடந்தன. ரஷ்யா உக்ரைன்மீது ஏவும் கெர்பெரா வகை ட்ரோன் என்று பாகங்களே சொல்லிவிட்டன. தற்செயலாகத் திசைமாறி வந்தவையா, வேண்டுமென்றே அனுப்பியவையா என்பதில்தான் ரஷ்யாவும் போலந்தும் முரண்பட்டன. ஆனாலும் பாருங்கள், வைரிகி என்ற கிராமத்தில் ஒரு வீட்டின் கூரை பிய்ந்துபோனதும் ட்ரோனின் வேலை என்றே முதலில் எல்லோரும் எழுதினார்கள். ட்ரோனைத் துரத்திய போலந்து விமானத்தின் ஏவுகணை அது என்று பிறகு செய்தி வந்தது. பெரும்பாலும் அப்படித்தான் என்று அமைச்சரும் ஒப்புக்கொண்டார். மொத்தச் சம்பவத்துக்கும் பொறுப்பு யார் என்பது தெளிவாக இருந்த இரவிலேயே, ஒரு கூரைக்குப் பொறுப்பு யார் என்பது தவறிப்போயிற்று.

அடுத்து வர்ஜீனியா. அங்கே நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களையும் அணுசக்தி நீர்மூழ்கிகளையும் கட்டும் தளம் இருக்கிறது. 2024 ஜனவரி 6ஆம் தேதி ஒரு மாணவர் அங்கே ட்ரோன் பறக்கவிட, அது குடியிருப்புப் பகுதியில் ஒரு மரத்தில் சிக்கிக்கொண்டது. அக்கம்பக்கத்தாரிடம் உதவி கேட்டார். அவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்து அடையாள அட்டையையும் வாடகைக் காரின் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டார். மாணவர் ட்ரோனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். எஃப்பிஐ அதைக் கைப்பற்றிப் பார்த்தபோது நினைவட்டையில் கடற்படைக் கப்பல்களின் படங்கள் இருந்தன. சீனாவைச் சேர்ந்த அந்த மாணவர் ஊருக்கு விமானம் ஏறப்போகும்போது பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இங்கே நான்காம் படிவரை எல்லாமே கையில் கிடைத்துவிட்டது: பொருள், படம், இடம், ஆள். ஐந்தாம் படி மட்டும் காலி. அவரை யாராவது அனுப்பினார்கள் என்று நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. இதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2023 டிசம்பரில், பக்கத்திலேயே இருக்கும் லாங்லி விமானப்படைத் தளத்தின்மேல் 17 இரவுகள் ட்ரோன்கள் பறந்திருந்தன. அதைச் செய்தவர் என்று இதுவரை யாரையும் அரசு பகிரங்கமாக அடையாளம் காட்டவில்லை. இரண்டையும் இணைத்துவிடக் கை பரபரக்கும். ஒரே வட்டாரம், ஒரே குளிர்காலம், ஒரே மாதிரியான இலக்கு. விசாரணை அதிகாரி இந்த ஒற்றுமையைக் குறித்துவைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இணைக்கும் தடயம் கிடைக்கும்வரை அது ஒற்றுமை மட்டுமே.

பேட்டரி சொல்லும் கதை

தடயம் என்றால் வேறென்ன? உடைந்த பாகம் கிடைக்காதபோது பறந்த விதத்திலிருந்தே சிலவற்றை ஊகிக்கலாம். கடையில் கிடைக்கும் டிஜேஐ மேவிக் 3 போன்ற ட்ரோன் 900 கிராம் எடைகூட இருக்காது. காற்றில்லாத சூழலில் அதிகபட்சம் 46 நிமிடம் பறக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. குளிரும் காற்றும் இருந்தால் அரை மணி நேரம் பறந்தாலே அதிகம். போய்த் திரும்பவும் வேண்டும். அப்படியானால் ஏவியவர் சில கிலோமீட்டர்களுக்குள்தான் இருந்திருக்க வேண்டும். கோபன்ஹேகனுக்கு மிக அருகில் இருக்கும் ரஷ்ய மண் கலினின்கிராட், இடையில் 400 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே பறந்தது நான்கு விசிறி ட்ரோன் என்றால், யார் ஏவச் சொல்லியிருந்தாலும், ஏவிய கை டென்மார்க்கிலோ பக்கத்துக் கடலிலோ சுவீடன் கரையிலோ இருந்தாக வேண்டும்.

எல்லையிலிருந்து தூரம் என்பதால் ஆபத்தில்லை என்றும் இனி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. 2025 ஜூன் 1ஆம் தேதி உக்ரைன் அதைக் காட்டிவிட்டது. லாரிகளில் மரக் கூண்டுகளுக்குள் 117 சிறிய ட்ரோன்களை ரஷ்யாவுக்குள்ளேயே கொண்டுபோய், கூரையைத் திறந்து, விமானப்படைத் தளங்களுக்கு அருகிலிருந்தே ஏவினார்கள். தாக்கப்பட்ட தளங்களில் ஒன்று சைபீரியாவில், உக்ரைன் எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது.

ரேடார் எல்லாவற்றையும் காட்டிவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். விமான நிலைய ரேடார் பெரிய, வேகமான விமானங்களுக்காகச் செய்தது. சிறிய ட்ரோன் அதற்குப் பறவை அளவுதான் தெரியும். பறவைகளை எல்லாம் காட்டினால் திரை நிறைந்துவிடும் என்பதால் சிறியதையும் மெதுவானதையும் ரேடாரே வடிகட்டித் தள்ளிவிடும். ட்ரோனுக்கென்றே தனி ரேடார்கள் உண்டு, விசிறிகளின் சுழற்சி தரும் அதிர்வை வைத்துப் பறவையிலிருந்து பிரித்துக் காட்டும். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் இடையே ஓடும் ரேடியோ அலையைப் பிடித்து, இயக்குபவர் நிற்கும் இடத்தையே காட்டும் கருவிகளும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024 முதல் பெரும்பாலான ட்ரோன்கள் தங்கள் அடையாள எண்ணை வானிலிருந்தே ஒலிபரப்பியாக வேண்டும். விதியை மதிப்பவரைப் பிடிக்க இது உதவும். முன்கூட்டியே பாதையைப் பதிந்துவிட்டு ரேடியோ இல்லாமல் பறக்கவிடுபவரை இது எட்டாது.

கோபன்ஹேகன் சம்பவத்தில் போலீஸ் இதைத் "திறமையுள்ள ஒரு தரப்பு" என்று சொன்னது. விளக்குகளை எரித்தும் அணைத்தும் பறந்தது, பல திசைகளிலிருந்து வந்தது எல்லாம் காரணம். நியாயமான ஊகம்தான். ஆனால் திறமை என்பது ஒரு நாட்டின் கையொப்பம் அல்ல. உக்ரைன் போர் தொடங்கிய பின் ட்ரோன் கட்டத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். விளக்கைப் பற்றிய வாதம் இன்னும் விசித்திரமானது. "உளவாளி விளக்கைப் போட்டுக்கொண்டா வருவான்? ஆகவே சாதாரண ஆள்" என்கிறார் ஒருவர். "பார்க்கட்டும், பயப்படட்டும் என்றுதான் விளக்கு. ஆகவே ரஷ்யா" என்கிறார் இன்னொருவர். ஒரே தடயம் இரண்டு எதிரெதிர் முடிவுக்கும் பொருந்துகிறதென்றால், அது எந்த முடிவுக்கும் சான்று ஆகாது. ஊகத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது: இந்தத் தடயம் வேறு விதமாக இருந்திருந்தால் உங்கள் முடிவு மாறியிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பொராகே என்ற கப்பல்

அந்த வாரம் எல்லோர் வாயிலும் விழுந்த கப்பல் பொராகே. ரஷ்ய எண்ணெயைத் தடைகளைத் தாண்டி ஏற்றிச்செல்லும், ஐரோப்பியத் தடைப்பட்டியலில் இருந்த டேங்கர். பெனின் நாட்டுக் கொடி என்று சொல்லிக்கொண்டது. செப்டம்பர் 20 அன்று ரஷ்யாவின் பிரிமோர்ஸ்க் துறைமுகத்திலிருந்து குஜராத்தின் வாடினாருக்குக் கிளம்பியது. டென்மார்க்கில் ட்ரோன்கள் பறந்த நாட்களில் டென்மார்க் கரையோரமாகக் கடந்து போனது. மாதக் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படை வீரர்கள் செயிந்நசேர் அருகே அதில் ஏறினார்கள். கப்பலின் தலைவர், முதல் அதிகாரி இருவரையும் பிடித்து விசாரித்தார்கள். தலைவர்மீது வழக்கு வந்தது. எந்த வழக்கு? கடற்படையின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்ற வழக்கு. ட்ரோன் ஏவிய குற்றச்சாட்டு அல்ல.

கப்பல்களிலிருந்து ட்ரோன் ஏவ முடியுமா என்றால், தாராளமாக முடியும். சந்தேகம் மதிப்புள்ளதுதான், விசாரித்ததும் சரிதான். ஆனால் டென்மார்க்கின் நீரிணைகள் உலகின் நெரிசலான கடல்வழிகளில் ஒன்று. பால்டிக் கடலிலிருந்து வெளியே வரும் பெரிய ரஷ்ய எண்ணெய்க் கப்பல் எதுவானாலும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆகவே எந்த வாரத்தில் எந்தச் சம்பவம் நடந்தாலும், சந்தேகத்துக்குரிய ஒரு கப்பலாவது பக்கத்தில் இருக்கும். "அருகில் இருந்தது" என்பதைச் சான்றாக எடுப்பதற்கு முன், ஒன்றுமே நடக்காத வாரங்களில் அருகில் எத்தனை கப்பல்கள் இருந்தன என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கிராலி தம்பதி விஷயத்திலும் இதையே கேட்டிருக்கலாம். பெரிய விமான நிலையத்தைச் சுற்றி விமானப் பித்துள்ளவர்கள் எத்தனை பேர் வசிப்பார்கள்?

கை வேறு, ஏவுபவர் வேறு

ஆளே பிடிபட்டாலும் ஐந்தாம் படி மிச்சம் இருக்கிறது என்று சொன்னேன். அது ஏறவே முடியாத படி அல்ல. 2024 மார்ச் 20ஆம் தேதி லண்டனின் லேட்டன் பகுதியில் உக்ரைனுடன் தொடர்புள்ள ஒரு கிடங்கு தீப்பிடித்தது. கொளுத்தியவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அவர்களில் யாரும் ரஷ்யர் அல்ல. ஆனால் கைபேசியில் டெலிகிராம் உரையாடல்கள் இருந்தன: ரஷ்யாவின் கூலிப்படையான வாக்னர் குழுவுடன் தொடர்புள்ள கணக்கு, வேலை, கூலி, அடுத்த இலக்கு எல்லாம் எழுத்தில். 2025இல் அவர்களுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது, முக்கியமானவருக்கு 17 ஆண்டு. கையிலிருந்து ஏவியவர்வரை சங்கிலி இப்படித்தான் ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கப்படுகிறது. ட்ரோன் விவகாரத்திலும் ஒரு நாள் இப்படி ஒரு சங்கிலி வெளிவரலாம். அதற்குக் கைபேசி வேண்டும், பணப் பரிமாற்றம் வேண்டும், சாட்சி வேண்டும். "யாருக்கு லாபம்?" என்ற கேள்வி மட்டும் போதாது.

அந்தக் கேள்வி பிரான்சில் ஒருமுறை நன்றாகவே ஏமாற்றியது. 2014 இலையுதிர்காலத்தில் பிரெஞ்சு அணுமின் நிலையங்கள் பலவற்றின்மேல் இரவில் ட்ரோன்கள் பறந்தன. அணுசக்தியை எதிர்ப்பவர்கள் யார்? சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ். 2012இலேயே பூஜே அணுமின் நிலையத்துக்குள் பாராமோட்டாரில், அதாவது மோட்டார் பொருத்திய பாராசூட்டில், பறந்து இறங்கியவர்கள் வேறு. ஆகவே அவர்களாகத்தான் இருக்கும் என்ற பேச்சு வந்தது. அவர்கள் மறுத்தார்கள். நவம்பரில் பெல்வில் அணுமின் நிலையத்துக்கு அருகே மூன்று பேர் பிடிபட்டனர். விசாரித்தால் மாதிரி விமானப் பிரியர்கள், மற்றப் பறப்புகளோடு தொடர்பில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2018 ஜூலையில், அதே பூஜே நிலையத்தின்மேல் சூப்பர்மேன் வடிவ ட்ரோன் ஒன்றைக் கிரீன்பீஸ் உண்மையிலேயே மோதவிட்டது. அதைக் கண்டுபிடிக்க யாரும் சிரமப்படவில்லை. அவர்களே காணொளி வெளியிட்டு அறிவித்தார்கள். போராட்டக்காரருக்குத் தேவை விளம்பரம், ஆகவே உரிமை கொண்டாடுவார். 2014 பறப்புகளுக்கு உரிமை கொண்டாட ஆளில்லாமல் போனதே அவர்கள் பக்கம் சந்தேகத்தைக் குறைத்திருக்க வேண்டிய தடயம்.

நீங்களே ஒன்றைப் பார்த்தால்

விமான நிலையம், துறைமுகம், அணுமின் நிலையம் பக்கம் வசிப்பவர்கள் ஏதாவது பார்த்தால் தகவல் சொல்லத்தான் வேண்டும். நியூபோர்ட் நியூஸில் பிடித்துக்கொடுத்தது ரேடார் அல்ல, ஒரு பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் "பெரிய ட்ரோன் ஒன்று பறந்தது" என்ற வாக்கியத்தால் போலீஸுக்குப் பெரிய பயன் இல்லை. சரியான நேரம், நீங்கள் நின்ற இடம், பார்த்த திசை, இவைதான் வேண்டும். உயரத்தை அடியில் சொல்லாதீர்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று சொன்னால் போதும். காணொளி எடுக்கும்போது கூரை விளிம்போ மின்கம்பமோ சட்டத்துக்குள் தெரியட்டும், பெரிதாக்கிப் பெரிதாக்கி வெளிச்சத்தை மட்டும் எடுக்க வேண்டாம். இன்னொரு தெருவிலிருந்து இன்னொருவரும் இப்படியே குறித்து வைத்திருந்தால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தை வரைபடத்தில் போட்டு அது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். விமானப் போக்குவரத்தைக் காட்டும் பிளைட்ரேடார்24 போன்ற செயலியை அந்த நேரத்துக்குத் திருப்பிப் பார்த்து, அந்தத் திசையில் விமானம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் ஏவியிருப்பார்கள் என்று நீங்கள் நினைப்பதை, கேட்டால் மட்டும், கடைசியில் சொல்லுங்கள்.